டிவி போட்டா பிள்ளைங்க அமைதியாயிடும், ஆனா கத்துக்குதா?

திருப்பூர்ல மூணுல இருந்து அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு 12 வருசமா டீச்சரா இருக்கேன். வகுப்புல டிவி மாட்டினப்போ எங்களுக்கெல்லாம் அவ்ளோ சந்தோஷம், ரைம்ஸ் போட்டு விட்டா 25 பிள்ளைங்களும் கப்சிப்னு உக்காந்துடும். ரெண்டு மாசம் கழிச்சு தான் கவனிச்சேன், கலர் பாட்டை முழுசா பாடுற பாப்பாகிட்ட அந்த மஞ்சள் பந்தை எடுத்துட்டு வாம்மான்னா எதை எடுக்கறதுன்னு தெரியாம முழிக்குது. பாட்டு மனசுல ஏறிருக்கு, மஞ்சள் ஏறல.

2003ல அமெரிக்காவுல பாட்ரிசியா குல்னு ஒரு விஞ்ஞானி 9 மாசக் குழந்தைங்கள மாண்டரின் சீனம் கேக்க வச்சு பார்த்தாங்க. நேர்ல உக்காந்து பேசி விளையாட்டு காட்டினப்போ அந்த மொழியோட சத்தத்தை பிரிச்சு கேக்க குழந்தைங்க கத்துக்கிச்சு, அதையே வீடியோவுல போட்டப்போ ஒண்ணும் ஏறல. நம்ம வகுப்புப் பிள்ளைங்க அதுங்கள விட பெரிசுங்க தான், ஆனாலும் பக்கத்துல ஆள் வேணும், "இது நம்ம ரூம்ல எங்க இருக்கு சொல்லு"ன்னு கேக்க ஆள் வேணும்.

போன வருசம் ஒடிசாவுல இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன் சேர்ந்தான், மூணரை வயசு, ஒரு மாசம் வாயே திறக்கல, வாசலையே பார்த்துட்டு இருப்பான். அவங்க அம்மாகிட்ட தண்ணி, பசிக்குது, வலிக்குது, அம்மா சாயங்காலம் வருவேன், இதை மட்டும் உங்க பாஷைல வாட்ஸ்அப்ல பேசி அனுப்புங்கன்னு கேட்டேன். அம்மா குரல் கேட்டதும் போனை வாங்கி காதோட அழுத்தி வச்சிக்கிட்டான், எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நானும் கேட்டு கேட்டு பழகி தண்ணிக்கு "பாணி"ன்னு சொன்னேன், சிரிச்சான், மத்த பிள்ளைங்களும் பாணி பாணின்னு சொல்ல ஆரம்பிச்சுதுங்க, அப்புறம் ஒரு நாள் அவனே டம்ளரை நீட்டி "தண்ணி"ன்னான். போனால செய்யக்கூடிய நல்ல காரியம்னா எனக்கு இது தான்.

இன்னொண்ணு, பச்சைப்பயறு ஊற வச்சு தினமும் காலைல பிள்ளைங்களையே ஒரு போட்டோ எடுக்க சொல்லுவேன். அஞ்சாவது நாள் வரிசையா தள்ளிக் காட்டினா, "டீச்சர், வால் வந்துருச்சு"ன்னு ஒரே சத்தம், முந்தாநாள் எப்படி இருந்துச்சுன்னு அதுங்களே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சு, ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் உக்காந்து ஸ்கிரீன் பாக்குறது ஒரு நாளைக்கு 1 மணி நேரம் தாண்டக்கூடாது, அதுக்கும் குறைவா இருந்தா நல்லதுன்னு. இட்லி ஊட்டும்போதே வீட்ல அரை மணி நேரம் ஓடிருக்கும், அதையும் சேர்த்து தான் கணக்கு, அதனால வகுப்புல நாங்க போடுறது பத்து நிமிசம் தான்.

பிள்ளைங்க போட்டோவ பெத்தவங்கள கேக்காம குரூப்ல போடாதீங்க டீச்சர்ஸ், ப்ளீஸ்.

டிவி இப்பவும் சுவத்துல தான் இருக்கு. பயறு போட்டோவ பெருசா காட்டத் தான் அதிகமா ஆன் பண்றோம், அப்போ ஒரு பிள்ளை கூட கப்சிப்னு உக்கார்றதில்ல.