மூளையுறைக் கட்டி கஷாயத்தில் கரையாது

"கேன்சர் இல்லைதானே டாக்டர்? அப்போ மருந்திலேயே கரைச்சிடலாமே?" மெனின்ஜியோமா, அதாவது மூளையுறைக் கட்டி என்று சொல்லி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். போன மாதம் வந்த அம்மா இதைக் கேட்கவே இல்லை. கட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு வருடம் யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டு, வலது கண் முழுக்க இருண்ட பிறகு வந்திருந்தார். கட்டியை எடுத்துவிட்டோம். கண் திரும்பவில்லை. சுத்தமாக வெளுத்துப்போன பார்வை நரம்பை எந்த ஆபரேஷனும் மீட்டுத் தராது.

மெனின்ஜியோமா மருந்தில் கரையாது. இது கோத்திருக்கும் நீரோ சீழோ அல்ல. மூளையைச் சுற்றியுள்ள உறையின் செல்கள் பெருகி உருவான கெட்டியான சதை. பலருக்கு உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும், மேலே இருக்கும் மண்டையோட்டு எலும்பும் தடித்துப் போயிருக்கும். இதைக் கரைக்கிற சூரணம் ஒன்று இருந்தால் நாங்கள் ஏன் ஏழெட்டு மணி நேரம் நின்று ஆபரேஷன் செய்கிறோம்?

ஆனாலும் கரைந்த மாதிரி தெரியும், சிக்கலே அங்கேதான். கட்டியைச் சுற்றி மூளையில் நீர் கோத்து வீங்கியிருக்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் ஓரிரு நாளில் வீக்கம் வற்றும். தலைவலி போகும், இழுத்து நடந்தவர் நேராக நடப்பார். கட்டி மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பு சில நாள் கொடுக்கிற அந்த மாத்திரையைச் சிலர் மாதக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்கி, முகம் உப்பி, சர்க்கரை ஏறி வருகிறார்கள். பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இப்படி நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

இன்னொன்று, இந்தக் கட்டி பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர், சில நேரம் பல வருடம் அசையாமலே கிடக்கும். அந்தச் சமயத்தில் நீங்கள் வேப்பிலை தின்றாலும் பேர் வேப்பிலைக்குத்தான்.

மருந்து சாப்பிட்டுக் கரையாதே தவிர, ஏற்கெனவே சாப்பிடும் ஒரு மருந்தை நிறுத்தினால் கட்டி சுருங்குவது உண்டு. சைப்ரோடெரோன் என்ற ஹார்மோன் மருந்தை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு அப்படிப் பார்த்திருக்கிறார்கள். கருத்தடைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கும் இந்தக் கட்டி வரும் வாய்ப்பு கூடுவதாக 2024-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு சொல்கிறது. அப்போதும் அது அரிதுதான், பதற வேண்டாம். இவற்றை எடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் வெட்டி எடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தென்பட்ட சிறிய, தொந்தரவில்லாத கட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தால் போதும். கதிர்வீச்சு கொடுத்தாலும் பெரும்பாலும் வளர்ச்சி நிற்குமே தவிர, கட்டி மறைந்துவிடாது.

தலையைத் திறந்தால் படுத்த படுக்கைதான் என்ற பயத்துக்கு ஒரு பழைய கேஸ் சொல்கிறேன். அமெரிக்க ஜெனரல் லெனார்ட் உட்டுக்கு 1910-இல் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங் இதே கட்டியை எடுத்தார். அதன் பிறகு அந்த மனிதர் ராணுவத் தலைமைப் பொறுப்பையே நடத்தினார். கட்டி மீண்டும் வளர்ந்து, 1927-இல் மறுபடி ஆபரேஷன் செய்தபோதுதான் இறந்தார். அன்று எம்.ஆர்.ஐ. இல்லை, மைக்ராஸ்கோப் வைத்த ஆபரேஷனும் இல்லை. இன்று நம் ஊரிலேயே எல்லாம் இருக்கிறது. ரிஸ்க் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கட்டி பெரிதாகப் பெரிதாக அந்த ரிஸ்க்தான் ஏறுகிறது. முழுக்க எடுத்த பிறகும் வருடா வருடம் ஸ்கேனுக்கு வரச் சொல்வது உட்டுக்கு நடந்தது போல மீண்டும் வளரலாம் என்பதற்காகத்தான்.

வளர்ந்தவருக்கு முதல் முறையாக வலிப்பு வந்தால் சாவியைக் கையில் திணிக்காதீர்கள், ஸ்கேன் எடுங்கள். கண்ணாடி மாற்றியும், புரை நீக்கியும் ஒரு கண் மங்கிக்கொண்டே போனால் பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சளியில்லாமல் வாசனை போவது, முதுகு ஸ்கேனில் ஒன்றுமில்லாமல் ஒரு கால் பலவீனமாவது, கலகலப்பான அப்பா மாதக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பது, எதையும் "வயசாச்சு" என்று தள்ளாதீர்கள். அப்புறம், ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஆபரேஷன் வேணுமா?" என்று கேட்காதீர்கள், ப்ளீஸ். பழைய படங்களையும் சிடியையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். கட்டி வளர்கிறதா என்பது பழைய ஸ்கேனையும் புது ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.