ஆர் நாட்: தமிழில் எப்படிச் சொல்வது?

தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுபவர்கள் அடிக்கடி சொல்வது ஆர் நாட். ஆர் என்ற எழுத்து, அதன் காலடியில் ஒரு சின்னச் சுழி, அதாவது பூஜ்யம் (ஆங்கிலத்தில் ‘நாட்’), அவ்வளவுதான். யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் நோயுள்ள ஒருவர் நுழைந்தால், அவரிடமிருந்து நேரடியாக, சராசரியாக எத்தனை பேருக்கு அது ஒட்டும் என்பதே பொருள். 1க்கு மேல் இருந்தால் நோய் பரவும், கீழே இருந்தால் தானாக அடங்கிவிடும்.

சொல் பிறந்தது மக்கள்தொகைக் கணக்கில். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை மகள்கள் பிறப்பார்கள் என்பதைக் குறிக்க, மக்கள்தொகை ஆய்வாளர்களான லூயிஸ் டப்ளினும் ஆல்ஃபிரட் லோட்காவும் 1925இல் இந்தக் குறியைப் பயன்படுத்தினார்கள். சுழி என்றால் நோயின் முதல் நாள் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. ஆர் சுழி, ஆர் ஒன்று, ஆர் இரண்டு என்று அவர்கள் வைத்திருந்த வரிசையின் தலை அது. 1952இல் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் இந்தக் கருத்தை மலேரியாவுக்குக் கொண்டுவந்தார்.

தமிழில் ‘அடிப்படை இனப்பெருக்க எண்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. மகள்களை எண்ணும்போது இனப்பெருக்கம் சரி, ஆனால் நோயில் நாம் எண்ணுவது ஆட்களை. ஒரே உடம்புக்குள் கிருமி கோடிக்கணக்கில் பெருகினாலும் இந்தக் கணக்கில் அது ஒரு ஆள்தான்.

‘வீதம்’ என்பது அதைவிடப் பெரிய தவறு, மெக்டொனால்டே அப்படித்தான் எழுதினார் என்றாலும். வீதம் என்றால் நாளுக்கு இவ்வளவு என்று காலம் உள்ளே வந்துவிடும், இந்த எண்ணில் காலமே கிடையாது. இரண்டு நோய்கள், இரண்டுக்கும் எண் 2 என்று வையுங்கள். ஒன்று மூன்று நாளுக்கு ஒருமுறை அடுத்தவருக்குத் தாவுகிறது, மற்றது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. முப்பதாம் நாள் முதல் நோயில் புதிதாக விழுபவர்கள் 1024 பேர், இரண்டாவதில் வெறும் 4 பேர்!

அதனால் நான் ‘அடிப்படைத் தொற்றெண்’ என்றே எழுதுகிறேன். அடிப்படை என்ற அடைமொழியை மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் எதிர்ப்பாற்றல் வர வர எண் இறங்கும், அப்புறம் அது நடப்புத் தொற்றெண். தட்டம்மைக்கு 12 முதல் 18 வரை சொல்வார்கள். 15 என்று எடுத்துக்கொண்டால், ஒட்டியிருக்கக்கூடிய 15 பேரில் 14 பேருக்குத் தடுப்பூசி காப்புத் தந்திருக்கும்போது மிஞ்சுவது ஒருவர்தான்: அடிப்படை 15, நடப்பு 1.