சாவியை எடுத்தும் நிற்காத பென்ஸ்

மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ123 வரிசைக் கார்கள் 1970களின் நடுவிலிருந்து 1986 வரை சுமார் 27 லட்சம் வெளிவந்தன. அதில் 300டி என்ற ஐந்து சிலிண்டர் டீசல் காரை இன்றும் வைத்திருப்பவர்களிடம் ஒரு விநோதமான புகார் உண்டு. சாவியைத் திருப்பி, கையில் எடுத்தும் ஆயிற்று. என்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விசாரித்தால் இன்னும் இரண்டு வரும். டிரைவர் கதவைப் பூட்டினால் மற்றக் கதவுகள் பூட்டுவதில்லை. ஆட்டோமேட்டிக் கியர் ஒவ்வொரு முறை மாறும்போதும் வண்டி வெட்டுகிறது. சாவி சுவிட்ச், கதவுப் பூட்டு, கியர்பாக்ஸ் என்று மூன்றுக்கும் தனித்தனியாகச் செலவு செய்தவர்கள் நிறையப் பேர். பல வண்டிகளில் மூன்றுக்கும் காரணம் எங்கோ காற்றை உள்ளே விடும் ஒரு சின்ன ரப்பர் துண்டுதான்.

பெட்ரோல் வண்டியை நிறுத்துவது சுலபம். தீப்பொறிக்கான மின்சாரத்தை வெட்டினால் போதும். டீசலில் தீப்பொறியே கிடையாது. காற்றை ஏறத்தாழ 21 மடங்கு அமுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அந்தக் காலத்து டீசல் பம்ப் முழுக்க இயந்திர வேலைப்பாடு. என்ஜின் சுற்றும் வரை அதுவும் சுற்றி டீசலை அனுப்பிக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் நிற்காது. டீசல் போகும் வழியை அடைத்தால்தான் நிற்கும்.

அடைக்கும் வேலையைப் பொறியாளர்கள் வெற்றிடத்திடம் கொடுத்தார்கள். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு எப்படியும் வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் தடுப்புத் தகடு இருப்பதால் அங்கே வெற்றிடம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த டீசலில் அந்தத் தகடு இல்லை. அதனால் என்ஜினின் முன்புறத்தில் வெற்றிடம் உண்டாக்கத் தனியாக ஒரு வாக்குவம் பம்ப். அது இருக்கவே இருக்கிறதே என்று கதவுப் பூட்டு, டீசல் டேங்க் மூடியின் பூட்டு, கியர் மாறும் மென்மை, என்ஜினை நிறுத்துவது எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

வெற்றிடம் இழுக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் வேலை செய்வது வெளிக்காற்று. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது நடப்பதேதான். கடல் மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. 5 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் சவ்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர செ.மீ. ஒரு பக்கத்துக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிவிட்டால், மறுபக்கக் காற்று சுமார் 13 கிலோ பலத்தோடு சவ்வைத் தள்ளும். ஒரு பூட்டை அசைக்க அது தாராளம். உள்ளே காற்று கசிந்தால் இந்த வித்தியாசம் குறையும், பலமும் அதே அளவில் குறையும்.

சாவியை அணைத்ததும் சாவி சுவிட்சின் பின்னாலுள்ள வால்வு திறக்கிறது. பழுப்பு நிறக் குழாய் வழியாக வெற்றிடம் டீசல் பம்பின் பின்புறத்துச் சவ்வுக்குப் போக, அந்தச் சவ்வு உள்ளேயிருக்கும், டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் பல்தண்டை டீசலே போகாத நிலைக்கு நகர்த்துகிறது. ஒன்று கவனியுங்கள்: நிறுத்தத்தான் வெற்றிடம் வேண்டும், ஓடுவதற்குத் தேவையில்லை. நெடுஞ்சாலையில் குழாய் பிய்ந்தாலும் என்ஜின் நடுவழியில் அணைந்துவிடாது. தொல்லையான பழுதுதான், ஆனால் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாகும்படி அமைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த இடம் இது.

நிற்காத வண்டியை முதலில் நிறுத்தியாக வேண்டும். போனட்டைத் திறந்தால் என்ஜின் மேல் 'ஸ்டாப்' என்று எழுதிய லீவர் இருக்கும்; கையால் அழுத்தினால் அணைந்துவிடும். அப்புறம் தேடல். கதவுகளுக்குப் போவது மஞ்சள் குழாய். அதைப் பிரியும் இடத்தில் கழற்றி, திறந்த வாயை அடைத்துவிட்டு என்ஜினை ஓட்டி அணைத்துப் பாருங்கள். (அமெரிக்காவில் வீட்டிலேயே வண்டி பார்ப்பவர்கள் இதற்குக் கோல்ஃப் பந்தைத் தாங்கும் மரக் குச்சியைச் செருகுவார்கள். அளவு கச்சிதமாகப் பொருந்தும்.) இப்போது சட்டென்று நின்றால் சாவி சுவிட்சுக்குக் குற்றமில்லை, கசிவு கதவுகளின் பக்கம். அப்போதும் நிற்காவிட்டால் பழுப்புக் குழாயின் பக்கம் போக வேண்டும். அந்தக் குழாயின் உள்ளே கறுப்பு எண்ணெய் தெரிந்தால் நிறுத்தும் சவ்வு கிழிந்து, டீசல் பம்பிலிருக்கும் என்ஜின் ஆயிலை உறிஞ்சுகிறது என்று அர்த்தம்.

கதவுப் பக்கத்துக்கு, மீட்டர் வைத்த கை வாக்குவம் பம்ப் ஒன்று வேண்டும். குழாயில் மாட்டி நாலைந்து தடவை அழுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். அசையாமல் நின்றால் அந்தப் பகுதி சரி, இறங்கினால் கசிவு அங்கேதான். ஒவ்வொரு கதவாகப் பிரிப்பதைவிட, குழாய்கள் கிளை பிரியும் இடத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதிப்பது வேகம். பூட்டுவதற்கு ஒரு குழாய், திறப்பதற்கு ஒன்று என்று ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும். டிக்கியில் வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டியும் இருக்கிறது. என்ஜினை அணைத்த பிறகும் சில தடவை பூட்டித் திறக்க முடிவது அதனால்தான். அந்தக் கிளையைச் சோதிக்கும்போது நிறையத் தடவை அழுத்த வேண்டியிருக்கும். அதைக் கசிவு என்று எண்ணிவிடாதீர்கள்.

கசிவது பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் குழாய் அல்ல, அதன் முனைகளை இணைக்கும் ரப்பர் மூட்டுகளும் பூட்டின் சவ்வும்தான். சூட்டிலும் காற்றுப் பட்டும் ரப்பர் இறுகுகிறது; குழாயைப் பிடிக்கும் பிடி போய்விடுகிறது. காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட ரப்பரில்தான் முதலில் விரிசல் விழவைக்கும். சவ்வு தினமும் மடங்கும் அதே மடிப்பில் கிழிவதற்கு அந்த மடிப்பின் ஓயாத உழைப்பும் சேர்ந்துகொள்கிறது. மூட்டுகளுக்கு விலை அற்பம். சவ்வு போனால் பூட்டின் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், அதற்குக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். அரை நாள் வேலை.

பிரேக் மிதி கல் மாதிரி இறுகியிருந்தால் மட்டும் இந்தச் சோதனையெல்லாம் அப்புறம். பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயோ பம்போ போயிருக்கலாம், அந்த நிலையில் வண்டியைத் தெருவில் இறக்கக்கூடாது. கியர் வெட்டுகிறதே என்று கியர்பாக்ஸின் அழுத்தத்தைச் சரிசெய்யும் திருகையும் முதலிலேயே தொட வேண்டாம். வெற்றிடம் குறைந்திருக்கும்போது அதைத் திருப்பிவைத்தால், கசிவை அடைத்த அன்று கியர் வழுக்க ஆரம்பிக்கும்; வெட்டும் கியரைவிட வழுக்கும் கியர்தான் உள்ளே தட்டுகளைச் சீக்கிரம் தேய்க்கும்.