உறிஞ்சவில்லை, பற்றுகிறது

வங்கத்துக் குழாய்க்கிணற்று நீரில் உள்ள ஆர்சனிக்கை இரும்பு ஆக்சைடு கொண்டு நீக்குவதைப் பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும், ‘இரும்பு ஆக்சைடு நஞ்சை உறிஞ்சிவிடுகிறது’ என்றே இருக்கிறது. உறிஞ்சவில்லை ஐயா! பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல், அது அப்சார்ப்ஷன். இங்கே நடப்பது அட்சார்ப்ஷன். எல்லாம் மேற்பரப்போடு சரி.

இரண்டுக்கும் அடி, உறிஞ்சுதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினைதான். வாயுக்கள் திடப்பொருளின் மேற்பரப்பில் செறிவதைச் சொல்ல, 1881இல் ஜெர்மானியர் ஹைன்ரிக் கைசர் முன்னொட்டை மட்டும் மாற்றிப் புதுச்சொல்லைப் புழக்கத்தில் விட்டார்.

ஃபெர்ரிஹைட்ரைட் போன்ற இரும்பு ஆக்சைடு வகைக் கனிமங்களின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் நிறைந்திருக்கும். ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்த வடிவமான ஆர்சனேட் வந்து அவற்றை விலக்கிவிட்டு, ஆக்சிஜன் வழியாக இரும்போடு பிணைந்துகொள்ளும். அதனால்தான் பரப்பைக் கூட்டுகிறார்கள். நுண்துகளான ஃபெர்ரிஹைட்ரைட்டில் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் மேல் தேறும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் உருவாக்கிய ‘அம்ரித்’ வடிகட்டியிலும் வேலை பார்ப்பது நானோ அளவு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடுதான். நீரில் பாஸ்பேட் அதிகமிருந்தால் அதுவும் அதே இடத்துக்குப் போட்டிக்கு வரும். நீரின் காரத்தன்மை ஏறினால் பிடி தளரும். ‘உறிஞ்சுதல்’ என்று எழுதிவிட்டால் இதில் எது விளங்கும்?

சரி, அட்சார்ப்ஷனுக்குப் பாடநூல் சொல்லும் ‘பரப்புக் கவர்ச்சி’? கருத்தில் பிழையில்லை. ஆனால் கவர்ச்சி என்றதும் தமிழனுக்குச் சினிமாச் சுவரொட்டிதான் நினைவுக்கு வரும். போகட்டும், அதை வினையாக்கிப் பாருங்கள்: ‘ஆர்சனிக் பரப்புக் கவரப்படுகிறது.’ நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கவர்தல் எட்ட நின்று இழுப்பதையும் குறிக்கும். இங்கே பிணைப்பே நடந்துவிடுகிறது. இலங்கை வழக்கான அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் அழகான இணைதான். ஆனால் வெளியே நின்றபடி எப்படி உறிஞ்சுவதாம்? லத்தீன்காரன் அடிச்சொல்லை மாற்றவில்லை என்பதற்காக நாமும் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டுமா?

என் ஓட்டு ‘மேற்பற்றல்’ என்பதற்கு. தலைவலிக்கு நெற்றியில் போடுவது பற்று. சோறும் குழம்பும் ஒட்டிக் கிடப்பது பற்றுப் பாத்திரம், பேச்சில் பத்துப் பாத்திரம். இரண்டும் மேலே ஒட்டுபவையே. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினால் பற்று போய்விடும். தீர்ந்துபோன இரும்பு ஆக்சைடையும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கழுவித்தான் மறுபடி பயன்படுத்துகிறார்கள். மேற்பற்றும், மேற்பற்றி, மேற்பற்றுதிறன் என்று கிளைகளும் தடையில்லாமல் வருகின்றன.

அப்புறம், ‘கனரக உலோகங்கள்’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? கனரகம் என்பது லாரிக்கும் புல்டோசருக்கும் சொல்வது. ஈயமும் காட்மியமும் கன உலோகங்கள். ஆர்சனிக் முழு உலோகம்கூட இல்லை, உலோகப்போலி. நஞ்சு என்பதால் அந்த வரிசையில் சேர்த்துச் சொல்கிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை அள்ளிப் போட்டுவிட்டு, அறிவியல் தமிழுக்குச் சொல்வளம் போதாது என்று அங்கலாய்ப்பதும் இவர்களேதான்.