நூற்றுக்கு எத்தனை உயிர்?

பிசாசுகளைச் சுட்டுக்கொண்டே போகும் டூம் என்ற கணினி ஆட்டத்தில் திரையின் அடிப்பட்டையில் ஒரு முகம் இருக்கும். ஒட்ட முடி வெட்டிய சிப்பாய் முகம். ஒரு பக்கம் ஹெல்த் (மிச்சமிருக்கும் உயிர்), இன்னொரு பக்கம் ஆர்மர் (கவசம்), இரண்டும் பெரிய சிவப்பு எண்களில். அடி விழ விழ அந்த முகத்தில் ரத்தம் வழியும். 80க்குக் கீழே ஒரு முகம், 60க்குக் கீழே இன்னொன்று, அப்புறம் 40, 20 என மொத்தம் ஐந்து படிகள். சண்டை நடுவில் எண்ணைப் படிக்க யாருக்கு நேரம்? ஓரக்கண்ணில் முகம் சிவப்பாகத் தெரிந்தாலே போதும். எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வந்ததோ அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியும் காட்டும்.

இந்த ஹெல்த் எண்ணை உடம்பின் அளவுகோல் என்று எடுத்துக்கொண்டால் உடனே உதைக்கும். 3 ஹெல்த் மிச்சமிருக்கும் சிப்பாய், 100 உள்ளவன் ஓடும் அதே வேகத்தில் ஓடுகிறான், அதே துல்லியத்தில் சுடுகிறான். நொண்டுவதில்லை, கை நடுங்குவதில்லை. மூன்று சுழியமாகும் கணத்தில் மட்டும் பொத்தென்று விழுகிறான். அப்படியானால் அந்த எண் என்னதான் செய்கிறது? ஆட்டக்காரரின் கால்களை நகர்த்துகிறது என்பேன். முன்னே பாய்வதா, வந்த வழியே திரும்புவதா, தூணுக்குப் பின்னால் பதுங்குவதா என்பதை அது தீர்மானிக்கிறது. டூம் வரிசையின் முப்பது வருடக் கதையும் இந்தத் திசையைப் பற்றியதுதான்.

எண்ணின் பூர்வீகம் கணினிக்கு முந்தியது. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேடமேற்று ஆடும் விளையாட்டு 'ஹிட் பாயின்ட்' என்ற உயிர்க்கணக்கைப் பரவலாக்கியது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன், ஒரு கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்று கணக்கு வைக்கும் கடற்போர் விளையாட்டிலிருந்து இந்த யோசனையை எடுத்தார். கப்பலுக்குப் போட்ட கணக்கைத்தான் மனிதனுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருவகையில் பொருத்தம்தான். கப்பலும் மூழ்கும்வரை மிதந்துகொண்டுதானே இருக்கிறது?

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 1992இல் வெளிவந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி ஆட்டத்திலேயே 100 ஹெல்த் வந்துவிட்டது. தட்டுச் சோறு சாப்பிட்டால் 10 ஏறும், நாய்ச்சோறு சாப்பிட்டால் 4. அடுத்த வருடம் டிசம்பரில் டூம் வந்தது. 1997 டிசம்பரில் அதன் மூல நிரலையே அந்த நிறுவனம் பொதுவில் போட்டுவிட்டது. ஆகவே இந்த ஆட்டத்தில் ஒரு குண்டு பட்டால் என்ன நடக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, வரி வரியாகப் படித்துவிடலாம்.

இம்ப் என்ற பழுப்புநிறப் பிசாசு ஒரு தீயுருண்டையை எறிகிறது என்று வையுங்கள். அது மேலே பட்டதும் நிரல் 1 முதல் 8 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து மூன்றால் பெருக்கும். எனவே அடி 3 ஆகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். இந்தத் 'தற்செயல்' கொஞ்சம் போலியானது. நிரலுக்குள் 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தேவைப்படும்போதெல்லாம் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும், கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. சீட்டுக்கட்டைக் கலைக்காமலே திரும்பத் திரும்பப் போடுவது மாதிரி. ஏமாற்று வேலையாகத் தோன்றினாலும் இதில் ஒரு வசதி உண்டு. ஆட்டத்தைப் பதிவு செய்ய, எந்த நேரத்தில் எந்த விசையை அழுத்தினார்கள் என்பதை மட்டும் சேமித்தால் போதும். திரும்ப ஓட்டும்போது அதே எண்கள் அதே வரிசையில் வரும், அதே அடிகள் அதே இடத்தில் விழும்.

அடி எவ்வளவு என்று முடிவானதும், மிக எளிதான நிலையில் ஆடுகிறவர்களுக்கு அது பாதியாக்கப்படும். மற்ற நிலைகளில் குறைப்போ கூட்டலோ கிடையாது. கடினமான நிலையில் அடி பலமாக விழுவதாக நினைப்போம். உண்மையில் அடிப்பதற்கு ஆட்கள்தான் அதிகம்.

அடுத்து ஆர்மர். பச்சைக் கவசம் எடுத்தால் 100 காட்டும், நீலக் கவசம் எடுத்தால் 200. இங்கேதான் பலரும் கணக்கில் ஏமாறுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் 100ஐ இன்னொரு 100 ஹெல்த் என்று எடுத்துக்கொள்வார்கள். பச்சைக் கவசம் ஒவ்வோர் அடியிலும் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே தாங்கும். 24 புள்ளி அடி விழுந்தால் கவசத்துக்கு 8, உடம்புக்கு 16. இப்படியே போனால் சுமார் 150 புள்ளி அடியில் ஆள் காலி. செத்துக் கிடக்கும்போது கவசத்தில் இன்னும் 50 மிச்சமிருக்கும்! நீலக் கவசம் பாதியைத் தாங்கும், எனவே 100 ஹெல்த்தோடு 200 அடி வரை நிற்கலாம். அப்போதும் கவசத்தில் 100 மிச்சம்.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீலக் கவசம் அடி வாங்கி 90க்கு இறங்கிவிட்டது, வழியில் புத்தம் புதிய பச்சைக் கவசம் கிடக்கிறது. மேலே நடந்தாலே எடுத்துக்கொள்ளும். எண் 90இலிருந்து 100 ஆகும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் கவசத்தின் தரம் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகிவிட்டது. பழையதையே வைத்திருந்தால் 190 அடி தாங்கியிருப்பீர்கள், இப்போது 150. எண் ஏறியது, உயிர் இறங்கியது. விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் பச்சைக் கவசத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

மிச்ச அடி ஹெல்த்திலிருந்து கழிக்கப்படும், திரை சிவக்கும். எவ்வளவு அடியோ அவ்வளவு சிவப்பு, பிறகு நொடிக்கு 35 தடவை ஓடும் ஆட்டக் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும்.

மனிதர்கள் எழுதிய நிரல் என்பதால் தவறுகளும் உண்டு. மெடிகிட் என்ற மருந்துப்பெட்டியை எடுத்தால் 25 ஏறும். ஹெல்த் 25க்குக் கீழே இருக்கும்போது எடுத்தால், உனக்கு நிஜமாகவே தேவைப்பட்ட மெடிகிட் இது என்று ஒரு சிறப்புச் செய்தி வர வேண்டும். அதற்கான வரியை எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நிரல் முதலில் 25ஐக் கூட்டிவிட்டு, அதற்கப்புறம் 'ஹெல்த் 25க்குக் கீழேயா?' என்று கேட்கிறது. கூட்டியபின் எப்படிக் கீழே இருக்கும்? அந்தச் செய்தியை அசல் டூமில் யாரும் பார்த்ததில்லை. அந்த முகத்திலும் இதே கூத்துதான். ஒரே அடியில் 20க்கு மேல் போனால் வாய் பிளந்து அலறும் ஒரு படம் உண்டு. பழைய ஹெல்த்திலிருந்து புதியதைக் கழிப்பதற்குப் பதிலாக, புதியதிலிருந்து பழையதைக் கழித்துவிட்டார்கள். விளைவு, பெரிய அடி விழும்போது அலறாதவன், அடி வாங்கும் அதே கணத்தில் 20க்கு மேல் ஹெல்த் ஏறினால் அலறுவான். நிரலில் இந்த இடத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கால்களுக்கு வருவோம். டூமில் ஹெல்த் தானாக ஏறாது. சிறிய ஸ்டிம்பேக் 10, மெடிகிட் 25, நீல உருண்டையான சோல்ஸ்பியர் 100. மெடிகிட் 100க்கு மேல் ஏற்றாது. 90இல் இருக்கும்போது எடுத்தால் 10தான் ஏறும், 15 வீண். ஆகவே ஆட்டக்காரர் அதை எடுக்காமல் விட்டுவைத்து இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார். நாலு அறை தாண்டி அடி வாங்கியதும் நினைவு பின்னே இழுக்கும்: பச்சை அமிலக் குட்டைக்குப் பக்கத்தில் ஒன்று விட்டோமே. சுத்தம் செய்த அறைகள் வழியாக, பிணங்களைத் தாண்டி, அந்த வெள்ளைப் பெட்டியை நோக்கி ஓடுகிற ஓட்டம் டூமின் தாளத்தில் பாதி.

மீதிப் பாதி அடி வாங்காமலே இருப்பது. இம்ப் எறியும் தீயுருண்டை ஒரு கடிகாரத் துடிப்பில் 10 அலகு நகரும். ஓடும் சிப்பாய் 16 அலகுக்கு மேல் நகர்வான். அதாவது தீயுருண்டையைவிட நீங்கள் வேகம். ஆகவே பிசாசுகளிடம் நின்று அடி வாங்கினால் குற்றம் உங்கள் கால்களுடையது. துப்பாக்கி ஏந்திய ஜாம்பிகள் விதிவிலக்கு. அவர்களுடைய குண்டு சுட்ட கணத்திலேயே பட்டுவிடும், விலக வழியில்லை. 20, 30 ஹெல்த் மட்டுமே உள்ள அந்த அற்ப ஜாம்பிகளைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலில் தீர்த்துக்கட்டுவது இதனால்தான்.

இதற்கிடையில் வெளியுலகம் மாறியது. 2001இல் ஹேலோ என்ற சுடும் ஆட்டம் வந்தது. அதில் ஹெல்த்துக்கு மேல் ஒரு கேடயம். சில நொடிகள் அடிபடாமல் இருந்தால் தானாக நிறையும். 2005இல் கால் ஆஃப் டூட்டி 2 என்ற போர் ஆட்டம் எண்ணையே தூக்கிவிட்டது. அடிபட்டால் திரை ஓரம் சிவக்கும், ஒதுங்கி நின்றால் சரியாகிவிடும். ஆட்டத்தை வடிவமைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. முந்தைய அறையில் ஆட்டக்காரர் 7 ஹெல்த்தோடு தப்பியிருந்தாலும் அடுத்த அறைக்கு முழு உயிரோடு வருவார், சண்டையை ஒரே அளவில் தைக்கலாம். ஆனால் ஆட்டக்காரர்? சுவருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். எட்டிப் பார், சுடு, குந்து, மூச்சு வாங்கு. அலுப்பு என்று சொல்லிவிட முடியாது, போர்க்களத்தில் சிப்பாய் அப்படித்தான் இருப்பான். டூமுக்கு அது ஒத்துவராத சட்டை.

ஐடி சாஃப்ட்வேர் அந்தச் சட்டையையும் போட்டுப் பார்த்தது. டூம் 4 என்று பல வருடம் செய்துகொண்டிருந்த ஆட்டம் 'கால் ஆஃப் டூம்' என்று கேலிப்பெயர் வாங்கி, கடைசியில் கைவிடப்பட்டது. புதிதாகத் தொடங்கி 2016இல் வெளியிட்ட ஆட்டத்தில்தான் அந்தத் திருப்பம் வந்தது. பிசாசை அடித்துக் கிட்டத்தட்ட முடித்துவிட்டால் அது தள்ளாடி மின்னும். அப்போது அதன் பக்கத்தில் போய் கையால் முடித்தால், அதன் உடலிலிருந்தே ஹெல்த் உருண்டைகள் சிதறும். இதற்குப் பெயர் குளோரி கில். உங்கள் ஹெல்த் குறைவாக இருந்தால் உருண்டைகள் அதிகம் கொட்டும். கையால் முடிக்கும் அந்த ஓரிரு நொடி வேறு யாரும் உங்களை அடிக்கவும் முடியாது.

யோசித்துப் பாருங்கள். 15 ஹெல்த் இருக்கும்போது மனித இயல்பு பின்வாங்கச் சொல்லும். ஆட்டமோ, மருந்து எதிரியின் வயிற்றுக்குள் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்கிறது. சாகப்போகிறவன்தான் எல்லாரையும்விட வேகமாக முன்னே பாய்கிறான். 1993இல் பின்னால் இழுத்த அதே எண் இப்போது முன்னால் தள்ளுகிறது.

இந்த ஆட்டத்தில் ஒரு சின்னப் பொய்யும் உண்டு. ஹெல்த் பட்டையின் கடைசித் துண்டு மற்றத் துண்டுகளைவிட அதிக அடி தாங்கும். மயிரிழையில் தப்பினேன் என்று நீங்கள் நண்பரிடம் சொல்லும் கதைகளில் பல, வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதி வைத்தவை. இப்படிப்பட்ட ரகசியங்களை 2017இல் ஆட்ட வடிவமைப்பாளர்கள் பலர் ட்விட்டரில் வரிசையாகப் போட்டு உடைத்தபோது சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. முகத்தின் ஐந்து படிகளும் திரையின் சிவப்பும் கூட உண்மையைவிட உணர்ச்சிக்காக வைத்தவைதானே.

2020இல் வந்த டூம் எடர்னல் இதை இன்னும் இறுக்கியது. கையால் முடித்தால் ஹெல்த், தோளிலிருந்து தீ உமிழ்ந்து எரியவிட்டால் ஆர்மர், செயின்சாவால் அறுத்தால் தோட்டா. தோட்டாக் கையிருப்பை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். சாதாரண ஜாம்பிகள் சண்டை முடியும்வரை வந்துகொண்டே இருக்கும்; அவை எதிரிகள் என்பதைவிட நடமாடும் மளிகைக்கடைகள். சிலருக்கு இது பிடிக்கவில்லை, சண்டை போடுகிறேனா சமையல் செய்கிறேனா என்று தெரியவில்லை என்பார்கள். நியாயமான குறைதான், ஆனால் பழகிய பிறகு அந்த வேகத்துக்கு ஈடில்லை.

எல்லாவற்றையும்விட விசித்திரமான ஹெல்த் விதி முதல் டூமிலேயே, இலவசமாகக் கொடுத்த முதல் பாகத்தின் கடைசிக் களத்தில் இருக்கிறது. இரண்டு பெரும் பிசாசுகளைக் கொன்றதும் சுவர்கள் இறங்கும். வெளியே ஒரு மேடை. அதில் ஏறினால் இருட்டறை ஒன்றுக்குள் கடத்தப்படுவீர்கள், சுற்றிலும் பிசாசுகள். அந்த அறையின் தரைக்கென்று நிரலில் நாலைந்து வரிகள் தனியாக எழுதியிருக்கிறார்கள். சாகாவரம் தரும் ஏமாற்றுக் குறியீட்டைப் போட்டிருந்தால் முதலில் அதைப் பிடுங்கும். பிறகு ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் 20, 20 ஆக அடிக்கும். ஹெல்த் 10 அல்லது அதற்குக் கீழே வந்ததும் திரை மாறி, பாகம் முடிந்துவிட்டது என்று கதையைச் சொல்லும் எழுத்துகள் வரும். அந்த அறைக்குக் கதவு வைக்கவில்லை, மெடிகிட்டும் வைக்கவில்லை.