சொல் விளக்கம்: புகுபதிகையும் நிருவாகியும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுக் கணினியைப் பற்றிக் கதைக்கும்போது இரண்டு வசனங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "இதுக்குப் பாஸ்வேட் இல்லை, ஓட்டோ லொகின்." மற்றது, "ஏதாவது போடப் போனால் அட்மின் கேக்குது." பலர் இரண்டையும் ஒரே விடயமாக எடுத்துக்கொள்கிறார்கள். கடவுச்சொல் கேட்காவிட்டால் நாங்கள்தான் அட்மின், கேட்டால் இல்லை என்று ஒரு கணக்கு. அது பிழை. லொகின், தமிழில் புகுபதிகை, உள்ளே வருவதைப் பற்றியது. அட்மின், தமிழில் நிருவாகி, உள்ளே வந்தபின் எதைத் தொடலாம் என்பதைப் பற்றியது.

முதலில் லொகின். ஆங்கிலத்தில் லொக் என்றால் மரக்குற்றி. பாய்க்கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தார்கள். கப்பல் வேகத்தை இன்றும் 'நொட்' என்று சொல்வது அந்த முடிச்சால்தான். அளந்ததை எழுதிவைத்த ஏடு லொக் புத்தகம் ஆனது, பிறகு லொக் என்றாலே பதிவு என்றாயிற்று. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறை ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதில் யார் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்தார் என்று பதிய வேண்டியிருந்தது, ஒருவருடைய கோப்பை மற்றவர் எடுக்காமல் பார்க்கவும் வேண்டியிருந்தது. லொகின் என்ற கட்டளையும் கடவுச்சொல்லும் அந்தத் தேவையில் வந்தவை.

தமிழில் இதற்கு உள்நுழைவு, புகுபதிகை என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. திரைகளில் 'உள்நுழைக' என்று காண்கிறோம், தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை பழகிய சொல். எனக்குப் பிடித்தது புகுபதிகைதான். புகு என்பதில் நுழைவும், பதிகை என்பதில் பதிவும் இருக்கின்றன. மூலச்சொல்லில் உள்ள பாதியை உள்நுழைவு விட்டுவிடுகிறது. ஓட்டோ என்பது 'தான்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல். இலங்கையில் தன்னியக்க வங்கி இயந்திரம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், ஆகவே தன்னியக்கப் புகுபதிகை என்பது நமக்கு அந்நியமாகப் படாது.

ஆனால் தன்னியக்கப் புகுபதிகை என்றால் கடவுச்சொல்லே இல்லை என்று பொருள் இல்லை. கடவுச்சொல் இருக்கிறது, நீங்கள் தட்ட வேண்டியதை விண்டோஸ் தன்னிடம் வைத்திருந்து, கணினியைத் தொடக்கும்போது தானே கொடுத்துவிடுகிறது. அது வைத்திருக்கும் விதமும் முக்கியம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதிச் செய்தால் கடவுச்சொல் மறைக்கப்படாமல் வெற்று எழுத்தாகக் கிடக்கும். பயனர் கணக்குப் பெட்டியில், கடவுச்சொல் கேட்க வேண்டும் என்ற வரிக்கு முன்னால் உள்ள குறியை எடுத்துச் செய்தால் மறைகுறியாக்கி வைக்கும், ஆனால் நிருவாகி அதிகாரம் உள்ளவர் அதையும் எடுத்துவிடலாம். கடவுச்சொல்லே வைக்காத கணக்கு வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், அங்கே கொடுப்பதற்கு எதுவும் இல்லை. இன்னொன்று: தன்னியக்கப் புகுபதிகை, கணினி தொடங்கும் நேரத்துக்கு மட்டுந்தான். கரண்ட் போய் வந்தால் தானாக உள்ளே போகும். உறங்கவிட்டு எழுப்பும்போது கடவுச்சொல் கேட்பது தனி அமைப்பு. தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் தன்னியக்கத்தைத் தாண்டி வேறு கணக்கைத் தெரிவுசெய்யலாம். ஒரு மடிக்கணினியைப் பலர் பாவிக்கும் வீட்டில் இது தெரிந்திருப்பது உதவும்.

இனி அட்மினிஸ்ட்ரேட்டர். லத்தீன் மூலத்தில் இதன் அடியில் இருப்பது மினிஸ்டர், அதாவது ஏவல் செய்பவர், தொண்டர். ஆளுபவரைக் குறிக்கும் சொல்லின் வேரில் சேவை இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல: 1963இல் விதானையார் பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தபோதும் பதவிப் பெயரில் சேவைதான் இருந்தது. வயது போனவர்கள் இன்றும் விதானையார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தமிழில் நிருவாகி என்கிறோம். வடமொழியில் 'கொண்டு நடத்துதல்' என்ற கருத்திலிருந்து வந்தது. நமது ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. சனசமூக நிலையத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் புது நிருவாகம் தெரிவாகிறது என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர்தான் கண்முன் வருவார்கள். கணினியில் நிருவாகி என்பது ஆள் அல்ல, ஒரு கணக்குக்கு உள்ள உரிமை. வவுனிக்குளத்தின் துருசைத் திறக்க ஒரு சிலருக்குத்தான் உரிமை. தன் வயலுக்குள் தண்ணீரை மறிப்பதும் விடுவதும் அந்தந்தக் கமக்காரர் பாடு. நிருவாகி துருசில் நிற்பவர், சாதாரணப் பயனர் தன் வயலில் நிற்பவர். சாதாரணப் பயனர் தன் கோப்புகளை எழுதலாம், அழிக்கலாம். முழுக் கணினிக்குமான மென்பொருளைப் போடவோ, மற்றவர் கோப்புகளைத் தொடவோ அவருக்கு முடியாது. வீட்டில் பிள்ளைக்கு விளக்கும்போது 'பொறுப்பாளர் கணக்கு' என்று சொல்லிப் பாருங்கள். வன்னியில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. எழுத்தில் நிருவாகி இருக்கட்டும்.

வீட்டுக் கணினிகளில் எல்லாரும் நிருவாகியாக இருக்கும் பழக்கம் எப்படி வந்தது? விண்டோஸ் 95இல் கடவுச்சொல் பெட்டியை எஸ்கேப் விசையால் மூடிவிட்டு உள்ளே போகலாம். 2001இல் வந்த எக்ஸ்பியில் உண்மையான கணக்குகள் வீட்டுக்கு வந்தன, ஆனால் நிறுவும்போது உண்டாக்கியவை எல்லாம் கடவுச்சொல் இல்லாத நிருவாகிக் கணக்குகள். 2007இல் விஸ்டா இதைத் திருத்தியது. அதிலிருந்து நிருவாகியும் அன்றாடம் சாதாரணப் பயனர் அளவு உரிமையோடுதான் வேலை செய்கிறார். பெரிய மாற்றம் ஒன்று வரும்போது திரை மங்கி அனுமதி கேட்கும். நிருவாகியிடம் 'ஆம்' மட்டும் கேட்கும், சாதாரணப் பயனரிடம் ஒரு நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். "அட்மின் கேக்குது" என்பது இந்த இடந்தான்.

கடையில் விண்டோஸ் போட்டு வாங்கும் கணினிகள் பெரும்பாலும் ஒரே நிருவாகிக் கணக்கோடும் கடவுச்சொல் கேட்காமலும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பழைய மடிக்கணினிகளும் அப்படித்தான். பொத்தானை அமத்தும் எவருக்கும் முழு உரிமையும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் ஒன்றாகப் போய்ச் சேரும். இதற்கு வழி எளிது. கடவுச்சொல்லோடு ஒரு நிருவாகிக் கணக்கு, அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு. தன்னியக்கப் புகுபதிகை வேண்டுமானால் சாதாரணக் கணக்குக்கு மட்டும் வையுங்கள். நிருவாகிக் கணக்கை முதலில் உண்டாக்குங்கள், கடைசி நிருவாகியைச் சாதாரணப் பயனராக மாற்ற விண்டோஸ் விடாது. கணினி வீட்டை விட்டு வெளியே போகுமென்றால், பிள்ளை அதை வகுப்புக்குக் கொண்டுபோகிறது என்றால், தன்னியக்கம் வேண்டவே வேண்டாம்.