'இலவச நினைவகம்' அன்று, 'ஒதுக்கப்படாத நினைவகம்'

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருனி (கெர்னல்) தரும் நினைவகப் புள்ளிவிவரங்களில், யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடக்கும் நினைவகத்தின் அளவைக் காட்டும் 'மெம்ஃப்ரீ' என்னும் வரியை 'இலவச நினைவகம்' என்று தமிழில் எழுதுவதை இனியும் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. விலைக்கு ஒன்றும் இலவசமாக ஒன்றுமாகக் கருனி நினைவகம் விற்கிறதா என்ன?

'ஃப்ரீ' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அடிமைப்படாத என்று பொருள். வடமொழியின் 'பிரிய' என்பதும் அதே வேரில் கிளைத்ததே. கட்டணமின்மை பின்னர் ஏறிய பொருள். 'கட்டற்ற மென்பொருள்' என்பதிலிருந்து இரவல் வாங்கிக் 'கட்டற்ற நினைவகம்' என்பாரும் உளர். அங்கே பேசப்படுவது பயனரின் உரிமை, நினைவகத்துக்கு ஏது உரிமை?

'வெற்று நினைவகம்' என்பதுதான் படித்தவர்களையும் மயக்கும் ஆக்கம். ஒரு நிரல் முடிந்ததும் அதனிடமிருந்த பக்கங்கள் (கருனி நினைவகத்தைப் பகிர்ந்தளிக்கும் அலகுகள், பொதுவாக 4 கிலோபைட்) கருனியின் பட்டியலுக்குத் திரும்புகின்றன. ஆனால் தனியாக அமைத்தாலன்றி அவற்றின் உள்ளடக்கம் அப்போது அழிக்கப்படுவதில்லை, வேறொரு பயனர் நிரலுக்குக் கொடுக்கும்போதுதான் சுழியாக்கப்படுகிறது. பழைய தரவு நிறைந்து கிடக்கும் பக்கத்தை 'வெற்று' என்பது பாதுகாப்பு பற்றிப் படிக்கும் மாணவரைத் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். 'காலி' என்பதை அயற்சொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. 'பணம் காலி' என்றால் தீர்ந்துவிட்டது என்று கொள்ளும் நம் வழக்கில், 'நினைவகம் காலி' என்பது சொல்லவந்ததற்கு நேர்மாறாகவே ஒலிக்கிறது.

'அலொகேஷன்' என்பதற்கு 'ஒதுக்கீடு' வேரூன்றிவிட்டபடியால், யாருக்கும் இன்னும் கொடுக்கப்படாததை 'ஒதுக்கப்படாத நினைவகம்' என்பதே நேரியது. சொல் நீளம் என்று முகம் சுளிப்பவர்கள், நீளத்தைக் குறைத்துப் பொருளையும் சேர்த்துக் குறைத்தவர்களே.

இதைவிடப் பெரிய குழப்பம், 2014-இல் 3.14 பதிப்பில் சேர்ந்த 'மெம்அவைலபிள்' வரியையும் அதே 'இலவச நினைவகம்' என்னும் பெயரால் அழைப்பது. நினைவகம் போதாதபோது தரவை இறக்கிவைக்கும் இடமாற்று வட்டை நாடாமல் புதிய நிரல்களுக்குத் தரக்கூடியது எவ்வளவு என்று கருனி போடும் மதிப்பீடு அது. படித்த கோப்புகளை விரைவுக்காக நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்புத் தேக்கத்தில் பெரும்பகுதியும் அதில் அடங்கும் என்பதால் 'கிடைக்கத்தக்க நினைவகம்' எனலாம். 16 கிகாபைட் கணினியில் 'மெம்ஃப்ரீ' 400 மெகாபைட்டும் 'மெம்அவைலபிள்' 11 கிகாபைட்டும் காட்டுவது இயல்பே. இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டால், நலமாக ஓடும் கணினியைக் கண்டு நிர்வாகி பதறுவார். 'எஸ்ரீக்ளெய்மபிள்' என்னும் இன்னொரு வரி படும் பாடும் இதுவே: ஐநோடு (கோப்பு பற்றிய விவரப் பதிவு), கோப்புப்பெயர் ஆகியவற்றின் தேக்கங்களிலிருந்து நெருக்கடியில் கருனி மீட்டுக்கொள்ளும் பங்கை, 'மறுசுழற்சி செய்யத்தக்கது' என்று குப்பைக் கிடங்கின் மொழியில் எழுதுகிறார்கள்.